நாவின் விடையும் கண்ணின் விடையும்

ஆகாய விமானத்திற் செல்வோர் அஞ்சுவது ஆகாயத்தையே. மேகத்தினூடே விமானம் சற்றுக் குலுங்கினால் இருக்கையின் கையை இறுகப் பற்றுகின்றோம். இறங்குங்கால், சக்கரங்கள் நிலத்தைத் தொட்டன என்று உணர்ந்த பின்னரே தாராளமாக மூச்சு விடுகின்றோம். ஆனால், நிலையத்தினின்றும் புறப்பட்டு ஓடுபாதையின் முனையை நோக்கி விமானம் மாட்டுவண்டியின் நிதானத்தோடு ஊர்ந்து செல்லும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷங்களில் எவரும் அஞ்சுவதில்லை. ஒருவர் பத்திரிகையை விரிக்கின்றார், ஒருவர் குழந்தைக்குப் பலகாரம் கொடுக்கின்றார், மற்றொருவர் கண்ணயர்கின்றார். தரையில் இருக்குமளவும் என்ன தீங்கு வந்துவிடப் போகின்றது என்பதே நம் எல்லோருடைய எண்ணமும்.

அவ்வெண்ணம் முழுதும் மெய்யன்று. சென்ற நூற்றாண்டிலும் இந்நூற்றாண்டிலும் நேர்ந்த கொடிய விமான விபத்துக்களுட் சிலவற்றை ஆராய்ந்து பார்ப்பின், விமானம் வீழ்ந்தது மேலெழுந்த பின்னரேயாயினும், அதனை வீழ்த்திய பிழை நிலத்திலேயே, சக்கரங்கள் மெல்லென உருண்டுகொண்டிருந்த வேளையிலேயே, நிகழ்ந்து முடிந்தது என்பது புலனாகும். அப்பிழை புயலால் வந்ததன்று. என்ஜின் உடைந்ததனால் வந்ததுமன்று. ஒரு தாளில் எழுதியிருந்த ஒரு சொல்லை வாசியாது விட்டமையால், அல்லது வாசித்தும் நோக்காது விட்டமையால் வந்தது. பட்டியல் கையிலிருந்தும் பிழை நேர்வது எங்ஙனம்? அதற்குப் பொறுப்பாளர் யாவர்? இவ்விரு வினாக்களையும் பற்றி எமக்குத் தோன்றியவற்றை வாசகர்முன் வைக்க விழைகின்றோம்.

முதற்கண் இப்பட்டியல் பிறந்த வரலாற்றை அறிதல் வேண்டும். 1935-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள், அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்து டேட்டன் நகரையடுத்த ரைட் பீல்டு என்னும் இராணுவ விமானத் திடலில், போயிங் கம்பெனியார் புதிதாகச் சமைத்த '299' என்னும் நான்கு என்ஜின் விமானம் பரீட்சைக்காக மேலெழுந்தது. அதனைச் செலுத்தியவர் மேஜர் பிளாயர் ஹில் என்பார்; இராணுவப் பரீட்சை விமானிகளுள் தேர்ச்சி மிக்கவர். உடனிருந்தவர் போயிங் கம்பெனியின் பரீட்சை விமானியாகிய லெஸ்லி டவர். எழுந்த விமானம் மூக்கை மேலும் மேலும் நிமிர்த்திச் சென்று, வேகம் குன்றி, ஒருபுறமாகச் சாய்ந்து வீழ்ந்து தீப்பற்றியது. ஹில் உயிர் துறந்தார். டவரும் தாம் அடைந்த காயங்களால் பின்னர் மாண்டார்.

யந்திரத்தில் யாதொரு பழுதும் இல்லை. விமானம் திடலில் நிற்கும்போது பெருங்காற்று வீசி வாலிலுள்ள அசையும் பலகைகளை ஆட்டி முறித்துவிடாதபடி, அவற்றைப் பிணித்து வைக்கும் பூட்டு ஒன்று உண்டு. புறப்படுமுன் அதனை விடுவித்தல் வேண்டும். அன்று அதனை விடுவிக்க மறந்தனர். அவ்வளவே. இத்துணைப் பெரிய விமானம் ஒருவனால் ஓட்டக்கூடியதன்று என்று அக்காலத்தில் பேசினோரும் உண்டு. விமானிகளோ வேறொரு வழி கண்டனர். இன்னும் திறமையானவனைத் தேடவும் இல்லை. இன்னும் நெடுங்காலப் பயிற்சி வேண்டுமென்று கேட்கவும் இல்லை. புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றைச் சிறு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு முறையும் அதனை வாசித்துப் பார்த்தே புறப்படுவதென்று துணிந்தனர். அவ்விமானமே பின்னர் 'பி-17' என்னும் பெயரோடு 12,000-க்கு மேல் சமைக்கப்பட்டு இரண்டாம் உலகப் போரில் பறந்தது.

இவ்வரலாற்றில் நாம் உன்னத்தக்கது ஒன்றுண்டு. பட்டியல் என்பது கற்றுக்குட்டிகளுக்கென்று ஏற்பட்டதன்று. கற்றுத் துறைபோயவர் மறந்தமையால் ஏற்பட்டது. எத்துணை வல்லவனும் மறப்பான் என்னும் பணிவே அதன் தாய். ஆதலின் "எனக்கு எல்லாம் நெட்டுரு, எனக்கேன் தாள்?" என்று கூறுபவன் தன் திறமையைப் புகழ்ந்துகொள்ளவில்லை, பட்டியலின் பொருளையே அறியாதவனாகின்றான்.

இனி, அப்பட்டியலைப் பயன்படுத்தும் முறையைச் சிறிது விளக்குவாம். பெரிய பிரயாணி விமானங்களில் இருவர் அமர்ந்திருப்பர்: தலைமை விமானி ஒருவர், துணை விமானி ஒருவர். பழைய விமானங்கள் சிலவற்றில் மூன்றாமவர் ஒருவரும் இருந்தார். ஒருவர் பட்டியலில் உள்ள பொருளின் பெயரை உரக்க வாசிப்பார். மற்றவர் அதற்குரிய கருவியைக் கண்ணால் நோக்கி, அது நிற்கும் நிலையைச் சொல்லி விடையிறுப்பார். என்ஜின்களை இயக்கிய பின்னர் ஒரு பட்டியல், தரையில் ஊர்ந்து செல்லுங்கால் ஒரு பட்டியல், ஓடுபாதையில் ஏறுமுன் ஒரு பட்டியல் என்று அவை வகுக்கப்பட்டிருக்கும். செய்ய வேண்டியதை முன்னரே செய்துவிட்டு, செய்தோமா என்று பின்னர்ப் பார்ப்பதற்கே பட்டியல். வாசிப்பவரின் வினா செவியிற் படுகின்றது. விடை நாவினின்றும் பிறக்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையில் கண் சென்று மீளுதல் வேண்டும். கண் செல்லாத விடை விடையன்று, வெறும் ஓசையே.

அப்பட்டியல்களில் இடம் பெறும் பொருள்களுள் தலையாயது ஒன்று சிறகின் மடல்கள். பிளாப்பு என்று விமானிகள் வழங்குவது இதனையே. விமானத்தின் சிறகு மிக்க வேகத்தில் பறத்தற்கு ஏற்ப அமைந்தது. எழும்போது வேகம் குறைவாதலின், அச்சிறகு மட்டும் அவ்வளவு பாரத்தைத் தூக்க மாட்டாது. ஆகவே சிறகின் பின்விளிம்பிலுள்ள மடல்களைக் கீழ்நோக்கி நீட்டியும், பல விமானங்களில் முன்விளிம்பிலுள்ள தகடுகளை முன்னே தள்ளியும், சிறகை அகலமும் வளைவும் உடையதாக்குவர். ஒரு நெம்புகோலை உரிய இடத்திற் கொணர்ந்து வைத்தால் போதும். சில நொடிகளில் முடியும் வேலை. அதனை மறந்தால் விமானம் ஓடுபாதையில் ஓடும், மூக்கை நிமிர்த்தும், ஆயினும் நிலைத்து மேலேற மாட்டாது.

1987-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் டெட்ராயிட் நகரத்தில் நார்த்வெஸ்டு கம்பெனியின் 255-ஆம் எண் விமானம் பீனிக்ஸ் நகருக்குப் புறப்பட்டது. மழையும் மாறுகாற்றும் சூழ்ந்த வேளை. விமானம் நகரத் தொடங்கும் தருவாயில், வழக்கமாக மடல்களை இறக்க வேண்டிய வேளையில், துணை விமானி வானிலைச் செய்தியைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் ஓடுபாதை மாற்றப்பட்டது. புதிய பாதை குறுகியது. ஆதலின் விமானத்தின் பாரத்தை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். பழக்கமில்லாத அவ்வழியில் திரும்ப வேண்டிய இடமொன்றையும் தவறவிட்டனர். இத்தனைக்கும் நடுவே, ஊர்ந்து செல்லுங்கால் வாசிக்க வேண்டிய பட்டியலைத் தலைமை விமானி கேட்கவுமில்லை. துணை விமானி நினைவூட்டவுமில்லை. மடல்கள் மடங்கியவாறே இருந்தன. எழுந்த சில நொடிகளில் விமானம் விளக்குக் கம்பத்திலும் கட்டடத்திலும் மோதி வீழ்ந்தது. உள்ளிருந்தோருள் 154 பேரும் சாலையில் இருவரும் மாண்டனர். உயிரோடு எடுக்கப்பட்டது நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே.

டெட்ராயிட்டில் பட்டியல் வாசிக்கப்படவில்லை. வாசித்திருந்தால் தப்பியிருப்பர் என்று நாம் எளிதிற் கூறிவிடலாம். அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். 1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் டாலஸ் நகரில் டெல்டா கம்பெனியின் 1141-ஆம் எண் விமானம் எழமாட்டாது வீழ்ந்து 14 பேர் மாண்டனர். அங்குப் பட்டியல் வாசிக்கப்பட்டது. மடல்கள் எங்ஙனம் உள்ளன என்ற வினாவும் எழுந்தது. "பதினைந்து, பதினைந்து, பச்சை விளக்கு" என்னும் விடையும் வந்தது. விமானிகளின் அறையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவி அதனைக் காத்து வைத்திருந்தது. ஆயினும் மடல்கள் இறக்கப்பட்டிருக்கவில்லை என்பதே விசாரணையின் முடிவு.

இவ்விடத்தில் எமக்கு வகுப்பறை நினைவுக்கு வருகின்றது. ஆசிரியர் தலை நிமிராது பெயர்களை அழைத்துச் செல்கின்றார். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன், ஐயா" என்னும் குரல் எழுகின்றது. வாராத மாணவன் ஒருவனுக்காக அவன் நண்பன் குரல் கொடுக்கின்றான். ஏட்டில் அவன் உள்ளான். இருக்கையில் அவன் இல்லை. குரலை நம்பிக் குறியிட்ட ஏடு பொய் சொல்லுகின்றது. வகுப்பறையில் இஃதொரு குறும்பு. விமானிகளின் அறையிலோ, இல்லாத மடலுக்காக நாக்கு "உள்ளேன், ஐயா" என்கின்றது; அக்குரலை நம்பி நூற்றுக்கணக்கானோர் வானில் ஏறுகின்றனர். வேற்றுமை ஒன்றே: மாணவன் அறிந்தே பொய்க்கின்றான்; விமானியின் நாவோ தான் பொய்ப்பதை அறிவதில்லை.

நா இங்ஙனம் ஏமாற்றுவதற்குக் காரணம் பழக்கம். 1982-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெப்பம் மிகுந்த பிளாரிடா மாகாணத்துக் கம்பெனி ஒன்றின் விமானம் அங்கிருந்து புறப்பட ஆயத்தமாயிற்று. பட்டியல் வாசிக்கப்பட்டது. என்ஜினிற் பனி உறையாமற் காக்கும் கருவியைப் பற்றிய வினாவுக்கு வந்த விடை, "அடைத்துள்ளது" என்பது. வெயில் நாட்டில் நாள்தோறும் அதுவே சரியான விடை. பனி பெய்யும் அந்நாளில் அதுவே கூற்றுவனாயிற்று. அக்கருவி இயங்காமையால் என்ஜினின் ஆற்றலைக் காட்டும் அளவிகள் மிகுத்துக் காட்டின. உண்மை ஆற்றலோ குறைந்திருந்தது. சிறகுகளிலும் பனி படிந்திருந்தது. விமானம் பாலத்தில் மோதிப் போட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. பாலத்தில் இருந்த நால்வரோடு 78 பேர் மாண்டனர். வினாவும் விடையும் முறைப்படி நடந்தன. விடையும் உண்மையாகவே இருந்தது. ஆயினும் அன்றைய பனியை எண்ணிப் பார்த்து அவ்விடை சொல்லப்படவில்லை.

1990-ஆம் ஆண்டில் அமெரிக்க நாசா நிறுவனத்தின் சார்பில் ஆசாப் தெகானி, ஏர்ல் வீனர் என்னும் இருவர் இப்பட்டியல்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். பல்லாயிரம் முறை சரியாக இருக்கக் கண்ட பொருளை, அது சரியில்லாத நாளிலும் சரியாக இருப்பதாகவே மனிதன் காண்கின்றான் என்பதும், இடையீடுகள் பட்டியலின் ஓட்டத்தை முறிக்கின்றன என்பதும் அவர்கள் எடுத்துக் காட்டியவற்றுள் உள்ளன. நேற்றைய நினைவும் இன்றைய செயலும் ஒன்றோடொன்று மயங்கிவிடுகின்றன. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் ஐயுறுவோர் இதனை நன்கறிவர். பூட்டிய நினைவு தெளிவாக இருக்கும். ஆனால் அது இன்றைய நினைவா நேற்றையதா என்பதை எவர் கூறுவார்?

தரையில் இந்த மயக்கம் மிகுதியாவது ஏன்? வானில் விமானிகளுக்கு நீண்ட தனிமை உண்டு. தரையிலோ அஃது இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் அழைக்கின்றது, பிரயாணிகளின் தொகையும் பாரமும் குறித்த கணக்கு வருகின்றது, பணிப்பெண் கதவைத் திறந்து ஏதோ சொல்லுகின்றாள், முன்னே நிற்கும் விமானம் நகர்கின்றது, பாதை மாறுகின்றது. ஏழாம் வரியில் நின்ற விரலைக் கோபுரத்தின் குரல் எடுத்துவிடுகின்றது. திரும்பி வருகையில் அவ்விரல் எட்டிலோ ஒன்பதிலோ வந்து நிற்கின்றது. இடையில் விடுபட்ட வரி தன்னை விட்டுவிட்டாயென்று கூவுவதில்லை. வேண்டாதது ஒன்று இருந்தால் கண்ணில் உறுத்தும். வேண்டுவது இல்லாமற்போனால் கண்ணில் என்ன உறுத்தும்?

இதற்கு மாட்ரிட் நகர விபத்தே பெருஞ் சான்று. 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், ஸ்பானேர் கம்பெனியின் 5022-ஆம் எண் விமானம் கிரான் கனேரியாத் தீவுக்குப் புறப்பட்டு ஓடுபாதையின் முனைவரை சென்றது. வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்று தரையிலேயே மிகையாகச் சூடேறியமையால் திரும்பி வந்தது. பழுது பார்ப்போர் அக்கருவியைச் சூடாக்கும் பகுதிக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்து விடை கொடுத்தனர். வேனிற்காலத்து நண்பகல், ஒரு மணிக்கு மேற்பட்ட தாமதம். மீண்டும் என்ஜின்களை இயக்கிப் பட்டியலை வாசித்து வருகையில், மடல்களைப் பற்றிய வரியை எட்டும்போது, நகர்வதற்கு அனுமதி கேட்குமாறு தலைமை விமானி இடைமறித்துக் கூறினார். அனுமதி கேட்கப்பட்டது, கிடைத்தது, மடல்களின் வரியோ நின்றுவிட்டது. ஓடுபாதையில் ஏறுமுன் நிகழும் இறுதிப் பார்வையில் மடல்களுக்குரிய "பதினொன்று" என்னும் எண்ணைத் துணை விமானியின் நா உரைத்தது. கண் சென்று பார்க்கவில்லை. 172 பேரில் 154 பேர் மாண்டனர். 18 பேரே பிழைத்தனர்.

இங்கு ஒரு சாரார் குறுக்கிட்டு, "மனிதன் மறப்பானாயின் யந்திரம் நினைவூட்டட்டுமே, அதற்கென எச்சரிக்கை மணி உண்டன்றோ?" என்பர். உண்டு. மடல்களை இறக்காது ஓட முயன்றால் கூவும் கருவி இவ்விமானங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. டெட்ராயிட்டில் அதற்கு மின்சாரம் செல்லாமையால் அஃது ஊமையாயிருந்தது. ஏன் செல்லவில்லை என்பதை விசாரணையாளராலும் துணிய இயலவில்லை. டாலஸிலும் அஃது ஒலிக்கவில்லை, மாட்ரிட்டிலும் ஒலிக்கவில்லை. டெட்ராயிட்டுக்குப் பின், அவ்வகை விமானத்தைச் சமைத்த கம்பெனியார், ஒவ்வொரு முறை புறப்படுமுன்னும் அக்கருவியைச் சோதித்தல் வேண்டுமென்று பரிந்துரைத்தனர். இருபத்தோராண்டுகளுக்குப் பின் அதே வகை விமானம் மாட்ரிட்டில் வீழ்ந்தபோது, அந்தக் கம்பெனியின் நடைமுறையில் ஒவ்வொரு புறப்பாட்டிற்கும் அச்சோதனை வேண்டுமென்ற விதி இல்லை. காவலாளி விழித்திருக்கின்றானா என்று பார்ப்பதற்கும் ஒருவர் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

இனி, மணி ஒலித்த இடத்தில் என்ன நிகழ்ந்தது? 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அர்ஜென்டினாவின் தலைநகராகிய போனஸ் அயர்ஸில், லாப்பா கம்பெனியின் விமானம் மடல்களை இறக்காது ஓடத் தொடங்கியது. எச்சரிக்கை மணி கூவியது. விமானிகள் அதனைப் பொருட்படுத்தாது ஓட்டத்தைத் தொடர்ந்தனர். விமானம் எல்லையைக் கடந்து சாலையிற் புகுந்து தீப்பற்றி எரிந்தது. 65 பேர் மாண்டனர். செவியிருந்தும் கேளாதவனுக்கு மணி என் செய்யும்? யந்திரம் வேண்டாமென்று யாம் கூறவில்லை. அஃது இரண்டாவது காவலே. முதற் காவலன் உறங்குதற்கு அதனைத் தலையணையாகக் கொள்ளலாகாது என்பதே எம் கருத்து.

மற்றொரு சாரார் கூறுவது வேறு. "இஃது அஜாக்கிரதையேயன்றி வேறில்லை, குற்றவாளிகளைத் தண்டித்தால் மற்றவர் திருந்துவர்" என்பது அவர் வாதம். இதில் உண்மை அறவே இல்லையென்று யாம் சொல்லமாட்டோம். டாலஸில் முறைக்குக் காத்து நின்ற வேளையில், விமானிகளின் அறையில் பணிப்பெண்ணோடு தொழிற்குச் சிறிதும் தொடர்பில்லாத பேச்சு நெடுநேரம் நடந்தது. அமெரிக்க அரசாங்கமோ 1981-ஆம் ஆண்டிலேயே, தரையில் ஊரும்போதும், எழும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், தொழிற்கு வேண்டாத பேச்சும் செயலும் கூடாதென்று விதி வகுத்திருந்தது. விதியை அறிந்தும் மீறியது குற்றமே.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. 2014-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் அமெரிக்காவில் பெட்போர்டு என்னுமிடத்தில் ஒரு சிறு ஜெட் விமானம் ஓடுபாதையைக் கடந்தோடி எரிந்தது. ஏழு பேர் மாண்டனர். அது பொதுப் பிரயாணி விமானமன்று, தனியார் ஒருவருடையது. ஆயினும் அதன் படிப்பினை எல்லார்க்கும் உரியது. விமானத்தின் பலகைகளைப் பிணித்திருந்த பூட்டு விடுவிக்கப்படவில்லை. விமானத்திலிருந்த பதிவுகளை ஆராய்ந்தபோது, முந்திய 175 புறப்பாடுகளில் நூற்றுக்கு 98 பங்கு, பலகைகளை முழுதும் அசைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யாமலே அவ்விமானிகள் புறப்பட்டிருந்தனர் என்பது வெளியாயிற்று. இஃது ஒருநாள் மறதியன்று. நாள்தோறும் பழகிய சோம்பல். இத்தகையோரைக் கண்டிப்பது நியாயமே.

ஆயினும் மாட்ரிட் விமானியையும் பெட்போர்டு விமானியையும் ஒரே கோலால் அளத்தல் ஆகுமா? ஒருவர் பட்டியலை விரித்தார். இடையில் அது முறிந்தது. மற்றவர் அச்சோதனையைக் கைவிடுதலையே வழக்கமாக்கிக்கொண்டார். முன்னவர்க்கு வேண்டுவது முறிவைத் தடுக்கும் ஒழுங்கு. பின்னவர்க்கு வேண்டுவது கண்டிப்பும் காவலும். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாது, எல்லாவற்றிற்கும் "விமானியின் தவறு" என்னும் இரண்டு சொற்களை எழுதி ஏட்டை மூடிவிடுவோமாயின், அடுத்த விமானத்திற் செல்வோர்க்கு நாம் யாதொரு நன்மையும் செய்தவராகோம். மாண்ட விமானிக்குத் தண்டனை எதற்கு? உயிரோடிருக்கும் விமானிக்கோ, தண்டனையைக் குறித்த அச்சம் தன் சிறு பிழைகளை மறைக்கவே கற்பிக்கும். மறைக்கப்பட்ட சிறு பிழைகளே பிறகு பெரும் பிழையாக வெளிப்படுகின்றன.

அங்ஙனமாயின் வேண்டுவதுதான் யாது? எம் கருத்தில் மூன்று.

முதலாவது, இடையில் முறிந்த பட்டியலை முறிந்த இடத்திலிருந்து தொடராது, முதல் வரியிலிருந்தே மீண்டும் தொடங்கும் வழக்கம் வேண்டும். "எதுவரை வந்தோம்?" என்னும் வினாவுக்கு நினைவு தரும் விடையை நம்பலாகாது; நினைவை நம்பலாகாது என்பதற்காகவன்றோ பட்டியலே பிறந்தது! மீண்டும் தொடங்கினால் செலவாவது ஒரு நிமிஷம். மடல்கள் போன்ற உயிர்நிலையான பொருள்களைச் சக்கரங்கள் உருளத் தொடங்குமுன்னரே, இருவரும் அமைதியாக இருக்கும்போதே, செய்து முடித்து வைத்தலும் நன்று.

இரண்டாவது, கேட்கும் உரிமை. டெட்ராயிட்டில் தலைமை விமானி பட்டியலைக் கேட்க மறந்தார். "ஐயா, பட்டியல் இன்னும் வாசிக்கவில்லையே" என்று துணை விமானி ஒரு சொற் கூறியிருப்பின்? இளையவர் மூத்தவரை இடைமறித்தல் மரியாதைக் குறைவென்று எண்ணும் மனப்பான்மை எந்நாட்டிலும் உண்டு. உயிர் காக்கும் இடத்தில் அவ்வெண்ணம் மரியாதையாகாது. மூத்தவரின் மறதியை இளையவர் சுட்டுதலும், மூத்தவர் அதனை நன்றியோடு ஏற்றலும் தொழிலின் இலக்கணமாதல் வேண்டும்.

மூன்றாவதே யாம் முதன்மையாகக் கருதுவது: நேரம். குறித்த நிமிஷத்தில் புறப்பட வேண்டுமென்னும் நெருக்குதலைத் தலைமேல் ஏற்றிவிட்டு, பட்டியலை மட்டும் நிதானமாக வாசி என்பது, குதிரையைச் சவுக்கால் அடித்துக்கொண்டே மெல்ல நட என்பதை ஒக்கும். கம்பெனிகள் தாமதத்தைக் கணக்கிடுகின்றன. தவிர்க்கப்பட்ட விபத்தை எவர் கணக்கிட்டார்? நிகழாத ஒன்றை ஏட்டில் எழுத முடியாதாதலின், "சற்றுப் பொறுங்கள், மீண்டும் பார்க்கின்றேன்" என்ற விமானிக்குப் புகழில்லை; தாமதம் ஒன்றே அவர் பெயருக்கு நேராக நிற்கின்றது.

இந்நெருக்குதலில் பிரயாணிகளாகிய நமக்குப் பங்கில்லையா? விமானம் சிறிது நேரம் பிந்திப் புறப்படுமென்று அறிவிப்பு வந்தவுடன் நாம் செய்வதென்ன? கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றோம், முகத்தைச் சுளிக்கின்றோம், கம்பெனியை வைகின்றோம். அவ்வெரிச்சல் காரியாலயங்களை எட்டி, ஆங்கிருந்து கட்டளையாகி, விமானிகளின் அறைக் கதவை அடைகின்றது. பட்டியலை முறிக்கும் குரல்களுள் நம் குரலும் ஒன்று என்பதை நாம் உணர்வதில்லை. தாமதிக்கும் விமானியைக் குறைகூறுமுன், அவர் எதற்காகத் தாமதிக்கின்றார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

தேர் செலுத்துவோனை வலவன் என்றனர் நம் முன்னோர். வன்மை என்பது கையின் விரைவு மட்டுமன்று. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஆற்றலும் அதுவே. ஓடுபாதையின் முனையில், பின்னே பத்து விமானங்கள் காத்து நிற்க, கோபுரம் விரைவுபடுத்த, "இன்னும் ஆயத்தமில்லை" என்று கூறவல்லவனே மெய்யான வலவன்.

1935-ஆம் ஆண்டில் டேட்டனில் விடுவிக்கப்படாத பூட்டினால் ஒரு பட்டியல் பிறந்தது. எழுபத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் பெட்போர்டிலும் விடுவிக்கப்படாதது அத்தகைய பூட்டே. இடைக்காலத்தில் விமானங்கள் எத்துணையோ மாறிவிட்டன. மனித மனம் மாறவில்லை. தாளில் எழுதிய எழுத்து எவரையும் காப்பதில்லை. வினாவுக்கும் விடைக்கும் இடையே கண் சென்று மீளும் அந்த ஒரு நொடியே காக்கின்றது. அந்நொடியை விமானிகள் தமக்குத் தாமே மறுத்துக்கொள்ளாதிருப்பாராக. கம்பெனிகள் அதனைப் பறியாதிருக்குமாக. இருக்கையில் அமர்ந்து கடிகாரத்தை நோக்கும் நாமும் அதனைப் பொறுமையோடு அளிப்போமாக.